உதைவண்டியைத் திருப்பி வைத்துவிட்டேன்

கப்பலில் எனக்கு எத்தனை நாளானாலும் சலிக்காத பண்டம், காலையில் வைக்கிற ஹெர்ரிங் மீன் ஊறல்தான். கடுகு போட்டது, வெங்காயம் போட்டது, தக்காளி போட்டது என்று வரிசையாக இருக்கும். நீங்கள் ஆள் அனுப்பியபோது இரண்டாவது தட்டில் இருந்தேன். அதைப் பாதியில் வைத்துவிட்டு வந்ததில் கொஞ்சம் வருத்தம்தான். போகட்டும், கேட்டதற்குச் சொல்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். நான், யோருன், பிர்கர். மோல்டேயில் ஒரு மீன் ஆலையில் ஒரே மேசையில் நின்று வேலை பார்த்துக் கிழடானவர்கள். ஒவ்வொரு பிப்ரவரியும் கரையோரக் கப்பலில் ஏறி வடகோடியில் இருக்கிற கிர்கெனெஸ் வரை போய்த் திரும்புவோம். வானத்தில் பச்சை வெளிச்சம் பார்க்க இல்லை; அதைச் சின்ன வயதிலேயே பார்த்துச் சலித்தாயிற்று. சீட்டாடவும், காட் மீனை ஈரலும் சினையுமாகச் சாப்பிடவும், மேல்தளத்து வெந்நீர்த் தொட்டியில் தலையில் பனி விழ உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசவும்தான் போவோம். என் வீட்டில் என்னோடு பேச யாரும் கிடையாது. வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான் எனக்கு வாழ்க்கை. மிச்சமெல்லாம் அதற்காகக் காத்திருப்பது.

யோருன் ஒல்லிக்குச்சி. என்னைத்தான் பார்க்கிறீர்களே. நான் தொட்டியில் கால் வைத்தாலே கத்துவாள்.

"ஒதுங்குங்க, ஒதுங்குங்க! திமிங்கிலம் இறங்குது!"

என் நீச்சலுடை கிழிந்து வெகுகாலம் ஆகிறது. பிர்கரின் பழைய பனியனோடுதான் இறங்குவேன். அதற்கும் விட மாட்டாள்.

"ஏண்டி ஹெர்டிஸ், உன் அளவுக்குத் துணி வேணும்னா பாய்மரத்தைத்தான் அவுக்கணும் போல."

"நீ குளிக்க உன் கைக்குட்டையே போதும், போடி," என்பேன். பிர்கர் சிரித்துச் சிரித்துத் தண்ணீரைக் குடித்துவிடுவான். நல்ல நாட்கள் அவை.

இந்த முறை வடதுருவ வட்டத்தைத் தாண்டிய காலையில் வழக்கமான கூத்து. கடலரசன் வேஷம் போட்ட சிப்பந்தி அகப்பையில் பனிக்கட்டியை அள்ளி எங்கள் சட்டைக் கழுத்துக்குள் கொட்டினார். யோருன் எப்போதும்போல என்னை முதலில் தள்ளிவிட்டாள். முதுகில் பனிக்கட்டி இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"நல்லா அனுபவிச்சுக்கோடி. இதுதான் நமக்குக் கடைசிக் குளிர்காலம். ஸ்பெயின்ல வீடு வாங்கியாச்சு. அடுத்த பிப்ரவரியில வெயில்ல காயப்போறோம். பிர்கரும் வர்றான்."

நான் பிர்கரைப் பார்த்தேன். அவன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தான்.

"அப்போ நான்?" என்று கேட்டேன்.

"திரும்பி வர்ற வழியில மீனெண்ணெய் ஒரு கரண்டி குடுப்பாங்கல்ல, அதை மூஞ்சி சுளிக்காம நீ முழுங்கு. மிச்சத்த அப்பச் சொல்றேன்," என்று கண்ணடித்தாள்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ரகமில்லை. அன்று மாலை சீட்டில் நான்தான் ஜெயித்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஹெஸ்ட்னெஸ் வந்தது. அந்தத் துறையில் கப்பல் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அலைதடுப்புச் சுவரின் கடைசியில் உள்ள விளக்கைத் தன் கேமராவில் படம் பிடிக்க வேண்டும் என்றாள் யோருன். போன வருடம் இடுப்பில் அறுவை நடந்ததிலிருந்து ஊன்றுகோல் இல்லாமல் அவளால் நடக்க முடியாது. கடை வாசலில் யாரோ விட்டுவைத்த உதைவண்டி நின்றது, முன்னால் நாற்காலியும் அடியில் சறுக்குக் கம்பிகளும் வைத்த பனிவண்டி. அவளை முன் நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் கம்பளி போட்டு, ஊன்றுகோல்களை அவள் கையில் கொடுத்தேன். பின்னால் ஏறி நின்று ஒரு காலால் பனியை உதைத்தேன். இறுகிய பனியில் வண்டி பறந்தது.

"வேகமா, கிழட்டுக் குதிரை! வேகமா!" என்று அவள் கூவினாள். நானும் கனைத்துக் காட்டினேன். இருவருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர்.

விளக்கடியில் ஒரு கல் மேடை. அவளை இறக்கி அதில் உட்காரவைத்தேன். கம்பளியை நன்றாகச் சுற்றிச் செருகினேன். காபிக் குடுவையையும் பக்கத்தில் வைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆகாதவளுக்கு யாரும் இவ்வளவு செய்ய மாட்டார்கள்.

கப்பலில் இறங்கி ஏறும்போது காட்டுகிற அவளுடைய அட்டை என்னிடம்தான் இருந்தது. அவள் எதையும் தொலைத்துவிடுவாள் என்பதால் எப்போதும் என்னிடம்தான் இருக்கும். குளிரில் செல்போன் அணைந்துவிடும் என்று அதையும் என் உள்சட்டைப் பைக்குள்தான் போட்டு வைப்பாள். ஊன்றுகோல்களைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடக்கூடாதே என்று வண்டியில் வைத்துக்கொண்டேன். பிறகு வண்டியைத் திருப்பினேன். இரவல் பொருள், எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் இல்லையா? கடை வாசலில் முன்பு நின்ற மாதிரியே நிறுத்தினேன். ஊன்றுகோல்களைச் சுவரோரம் சாய்த்தேன்.

கப்பல் வாசலில் என் அட்டையைக் காட்டினேன், இயந்திரம் ஒலித்தது. அவள் அட்டையையும் காட்டினேன், மறுபடியும் ஒலித்தது. அங்கே நின்றவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் கணக்குச் சரியாக இருந்ததால் கப்பல் குறித்த நேரத்துக்குப் புறப்பட்டது. இல்லாவிட்டாலும் அது யாருக்காகவும் நிற்காது.

"யோருன் எங்க?" என்றான் பிர்கர்.

"இடுப்பு வலியாம். மாத்திரை போட்டுத் தூங்குறா. தொந்தரவு பண்ணாத."

இரவுச் சாப்பாட்டில் காட் மீன் அருமையாக இருந்தது. அவள் பங்கு ஈரலை நாங்கள் பிரித்துக்கொண்டோம்.

மறந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்லி வக்கீல் யோசனை சொன்னார். நான் எதையும் மறக்கவில்லை. இந்தக் கரையில் பிறந்தவள் நான். அந்தக் காற்று என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டுவந்தேன். நான்தான் கொன்றேன். காலையில் மீனவர்கள் பார்த்தபோது சுவரில் பாதி தூரம் தவழ்ந்து வந்திருந்தாள் என்கிறீர்கள். அந்த இடுப்போடு! பிடிவாதக்காரி. இப்போது அவள் ஸ்பெயினுக்குப் போகவில்லை, பிர்கரும் போகப்போவதில்லை. எங்கள் கூட்டம் கலையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிர்கர் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறானாம். கோபம் ஆறட்டும்.

நான் வண்டியை உதைத்துக் கிளம்பும்போது அவள் பின்னாலிருந்து ஏதோ கத்தினாள். காற்றில் சரியாகக் கேட்கவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். கேட்டது.

"கோவமாடி? உனக்கு நீச்சலுடை வாங்கியிருக்கேன்டி, மண்டு! திரும்பி வா!"

வழக்கமான கிண்டல் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த ஸ்பெயின் வீட்டில் மூன்று கட்டில் போட்டிருந்ததாகப் பிர்கர் சொன்னானாம். என் மனதை நோகடிக்கச் சொல்கிறான். அவள் பெட்டியில் இருந்தது என்று இந்தச் சிவப்பு நீச்சலுடையை மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை. என் அளவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை அவள் தனக்குத்தான் வாங்கியிருப்பாள். ஸ்பெயினில் சாப்பாடு நன்றாக இருக்குமாம். போய்க் கொஞ்சம் உடம்பு தேற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள்.