இரும்பு வாளி

பிளாஸ்டிக் வாளி எனக்கு ஒத்துவராது ஐயா. தண்ணீர் நிறைந்தால் கைப்பிடி விரலை அறுக்கும். ஆனாலும் இறைச்சிக்கூடத்தில் மாட்டுப்பட்டியைக் கழுவ எனக்கு அதைத்தான் கொடுத்திருந்தார்கள். பட்டிக்குப் பொறுப்பு என் மாப்பிள்ளை. இரும்புச் சத்தம் மாட்டுக்கு ஆகாது என்று பழைய வாளிகளையெல்லாம் தூக்கிப் போட்டது அவர்தான்.

"அத்தை, மாட்டை அதட்டாதீங்க. வெட்டுறதுக்கு முன்னாடி மிரண்டுச்சுன்னா கறி கறுத்துடும், கையில ஒட்டும். ஒரு கடைக்காரனும் தொடமாட்டான்" என்பார். சும்மா சொல்லக்கூடாது, தங்கமான வேலைக்காரர். லாரியில் வந்த அலுப்புத் தீரத் தண்ணீர் காட்டுவார், கழுத்தைத் தடவிக் கொடுப்பார். வேற்று மாட்டைக் கொண்டுவந்து கலக்கவிடமாட்டார். பட்டியில் அவர் கையில் கம்பைப் பார்த்ததே இல்லை.

கம்பு வீட்டில், கதவுக்குப் பின்னால் இருந்தது. என் மகள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, "கதவுல இடிச்சுக்கிட்டேம்மா" என்பாள். அந்த ஒற்றை அறை வீட்டில் எத்தனை கதவுதான் இருக்கும்? மாட்டுக்கறி கறுத்தால் கேட்க ஆள் உண்டு, இவள் உடம்பு கறுத்தால் யார் கேட்பது? "என்கூட வந்துடுடி" என்றேன். "அவரை விட்டா எனக்கு யாரும்மா இருக்காங்க?" என்றாள். அதை என்னிடமே கேட்டாள் ஐயா.

மறுநாள் வீட்டிலிருந்து இரும்பு வாளியை எடுத்துப் போனேன். ஏது அந்த வாளி என்று கேட்டீர்களே, அதுதான். அவர் காளைகளுக்கு நடுவே நின்று ஒன்றின் காதைச் சொறிந்துகொண்டிருந்தார். நான் கேட்டை வெளியே தாழிட்டுவிட்டு வாளியைச் சிமெண்டுத் தரையில் போட்டேன். அத்தனையும் மிரண்டு ஒரே மூலைக்கு ஓடின. அவரும் அந்த மூலையில்தான் மாட்டிக்கொண்டார். "அத்தை, கேட்டத் திறங்க" என்றார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை, மாடு மிரளுமே என்று. இரண்டாவது தடவை வாளியைப் போட்டது அப்போதுதான். கை நழுவிவிட்டது என்று நேற்று சொன்னது பொய்.

அன்றைய கறி மொத்தமும் கறுத்துப்போனதாம். முதலாளிக்குப் பெரிய நஷ்டம், அதில் எனக்கு வருத்தம்தான்.

மற்றபடி எல்லாம் மகளுக்காகச் செய்தது. இனி அவள்மேல் யாரும் கை வைக்கமாட்டார்கள். என்ன, அவர் உயிர் போனதிலிருந்து நான் அறைக்குள் நுழைந்தாலே சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். தடவிக் கொடுக்கக் கையை நீட்டினால் உடம்பு நடுங்குகிறது. அவர் பழக்கிவிட்ட பயம் அது. என்னோடு நாலு நாள் இருந்தால் தெளிந்துவிடுவாள். என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள்தானே ஐயா?