பழைய சர்வரை ஏன் வாங்கினேன்

கம்ப்யூட்டர் வாங்கப்போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதற்காக வாங்குகிறீர்கள்? அதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பலர் சொல்லமாட்டார்கள். புதிதாக வந்தது எது, மைத்துனர் வாங்கியது எது என்றே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நேற்றிலிருந்து நீங்களும் என்னிடம் அதைத்தான் கேட்கிறீர்கள். சத்தமே இல்லாமல் ஓடுகிற புது டெஸ்க்டாப் மேசையில் இருக்கும்போது, பன்னிரண்டு வருடப் பழைய சர்வரை எதற்காக வீட்டுக்குத் தூக்கி வந்தாய் என்று. நியாயமான கேள்வி. இந்த அறையில் கேட்கப்பட்டவற்றில் என் தொழிலை மதித்துக் கேட்கப்பட்ட கேள்வி இது ஒன்றுதான். ஆகவே இதற்குப் பதில் சொல்கிறேன். மற்றவற்றுக்கான பதிலும் இதற்குள்ளேயே வந்துவிடும்.

இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோலப் படமாக்கிக் கொடுப்பது என் வேலை. எந்த ஜன்னல் வழியாக எத்தனை மணிக்கு வெயில் வரும், அது தரையில் எங்கே விழும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அந்தக் கணக்கைப் பலருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கலாம். டெஸ்க்டாப் பிராசஸருக்கு எட்டுக் கைகள், எட்டும் படு சுறுசுறுப்பு. அந்தச் சர்வரில் பிராசஸர் இரண்டு, சேர்த்துப் பார்த்தால் இருபது கைகள். ஒவ்வொன்றும் ஆமை. ஆனால் நம்பகமானது. நினைவகத்தில் பிழை விழுந்தால் தானே திருத்திக்கொள்ளும். மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும். பதிலுக்கு மின்சாரத்தைக் குடிக்கும், அனலாகக் கொதிக்கும், கத்தும். உண்மையைச் சொன்னால் என்னுடைய புது எட்டே அந்தப் பழைய இருபதை முந்திவிடும். அது எனக்குத் தெரியும். விற்றவருக்கும் தெரியும்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது, அவளுக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து எனக்கு எல்லாமே அவள்தான். வந்த வரன்களையெல்லாம், “சின்னு ஒரு நிலைக்கு வரட்டும்” என்று தட்டிக்கழித்தாள். சின்னு என்பது நான். நான் ஒரு நிலைக்கு வந்து பதினைந்து வருடம் ஆனபிறகும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நான் வாசலைத் தாண்ட வேண்டிய தேவையே இருக்காது. என் சட்டைக்குப் பொத்தான் அறுந்தால் அது எனக்குத் தெரிவதற்கு முன்பே அவள் தைத்திருப்பாள்.

ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. ஆறாவது மாடி. போன வருடம் ஒருநாள் லிஃப்ட் நடுவழியில் நின்று நாற்பது நிமிடம் தனியாக மாட்டிக்கொண்டாள். மூடிய இடம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. தூங்கும்போதுகூட அறைக்கதவைச் சாத்தமாட்டாள். பழுதுபார்க்க வந்த மெக்கானிக் வெளியே நின்று, “பயப்படாதீங்க மேடம். மூணு தட்டு தட்டுங்க, நானும் மூணு தட்டு தட்டுறேன். நான் இங்கதான் நிக்குறேன்னு அர்த்தம்” என்றாராம். அதை வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

“சின்னு, அவருக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. பத்து நாள்ல கிளம்புறாரு. நானும் கூடப் போறேன்டா.”

“எப்ப வருவே?”

“போறேன்னா போறேன்தான். நீ வந்து பாரு, நானும் வந்து பாக்குறேன். முப்பத்தாறு வயசாச்சு உனக்கு. ஒரு டீ போட்டுக்கக்கூடவா தெரியாது?”

தெரியாது என்றேன். அது உண்மை.

மடித்த துணியை எடுத்துக்கொண்டு அவள் தன் அறைக்குள் போனாள். பின்பக்கத்து அறை. அடுத்த கட்டடம் ஒட்டினாற்போல எழும்பியபோது அதன் ஜன்னலை அடைத்துவிட்டார்கள். கதவுக்கு மேலே நடையைப் பார்த்தாற்போல் ஒரு காற்றுப்போக்கி மட்டும் உண்டு. நான் கதவைச் சாத்தினேன், வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். கோபத்தில் செய்ததல்ல. எனக்குக் கோபமே வராது, கேட்டுப் பாருங்கள். பத்து நாள் நிதானமாக யோசிக்கட்டும் என்றுதான். உள்ளே குளியலறை இருந்தது, கட்டில் இருந்தது. அவளுடைய ஃபோன் கூடத்தில் இருந்தது, அதன் சத்தத்தை நிறுத்திவைத்தேன். பிற்பகலில் தாழ்ப்பாளோடு ஒரு சங்கிலியும் பூட்டினேன். தாழ்ப்பாளை நீக்கினாலும் கதவு ஒரு சாண்தான் திறக்கும், தட்டு போகும். வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்தேன். அவளுடைய ரத்த அழுத்த மாத்திரையை ஒருவேளைகூட மறக்கவில்லை.

முதல் நாள் அந்த இடைவெளியில் கையை விட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “தொறந்துடு சின்னு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.” சொல்லியிருக்கவும் மாட்டாள். ஆனால் புலிவாலைப் பிடித்தவன் கதையைத்தான் யோசித்துப் பாருங்கள். முதல் நாள் திறந்தால் சண்டை. இரண்டாம் நாள் திறந்தால் அவமானம். மூன்றாம் நாள் திறந்தால் நீங்கள். அவளுக்கு ஒரு கதவுதான் பூட்டியிருந்தது. எனக்கு நாளுக்கொரு கதவு பூட்டிக்கொண்டே வந்தது. இதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை தட்டத் தொடங்கினாள். கீழ்வீட்டில் தையல் தைக்கிற அம்மா மாடிப்படியில் நின்று, “என்ன தம்பி, காலைலேர்ந்து மேல தட்டுற சத்தம் கேக்குது?” என்று கேட்டார். அலமாரி மாட்டுகிறேன் என்றேன். ஆனால் அந்த அம்மாவுக்காக மட்டும் நான் சர்வர் வாங்கப் போகவில்லை. தட்டியது மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் சின்னு என்று கூப்பிட்டிருப்பாள். வளர்த்த தம்பி நடையில் நிற்கிறேன், அவள் தட்டிக் கூப்பிட்டது வேறு யாரையோ. அந்தச் சத்தத்தை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை பழைய சாமான்கள் விற்கும் கடைக்குப் போனேன். பல மாதங்களுக்குப் பிறகு நான் வெளியே போனது அன்றுதான். வெயிலில் கண் கூசியது.

“வீட்டுக்கா சார்? வேணாம் சார் இது. ஏரோப்ளேன் கிளம்புற மாதிரி கத்தும், வீட்டம்மா ஒங்களையும் சேத்து வெளிய தள்ளிடுவாங்க” என்றார் கடைக்காரர்.

“விசிறி எப்பவும் முழு வேகத்துல ஓடுற மாதிரி வெச்சுக்க முடியுமா?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எல்லாரும் சத்தத்தக் கொறைக்கத்தான் வழி கேப்பாங்க.”

உங்களிடமும் அவர் இதையே சொல்லியிருக்கிறார். நல்ல ஞாபகசக்தி.

நடையில் வைத்தேன். சர்வருக்குப் பின்பக்கத்தில்தான் சத்தம் அதிகம். ஆகவே பின்பக்கம் அவள் கதவைப் பார்த்தாற்போல, ஓர் அடி தள்ளி. முன்பக்கம் என் அறையை நோக்கி. அங்கே ஏசி ஓடும், குளிர்ந்த காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுத்த காற்று சூடாகிப் பின்பக்கமாகத்தான் வெளியேறும். பிராசஸர் எழுபது டிகிரியைத் தாண்டவே இல்லை. அரைமணிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டேயிருந்தேன். அறைக்குள் நாற்பத்தாறு இருந்தது என்று உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார். அங்கே அளப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

“மேல மில்லு வெச்சிருக்கியா தம்பி?” என்று கீழ்வீட்டம்மா கேட்டார். வேலை அதிகம் என்றேன். பாவம், சரி என்று தன் தையல் எந்திரத்துக்குத் திரும்பிவிட்டார். உண்மையிலேயே அந்த மூன்று நாளும் என் வேலை நன்றாக நடந்தது. ஒரு வீட்டின் கூடத்துக்குக் காலை வெயில் போட்டு முடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் லிஃப்ட் மெக்கானிக் வந்தார். கையில் கருவிப்பை. வாசலிலேயே நிறுத்திப் பேசினேன். இருவரும் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

“உங்க அக்கா ஃபோன் எடுக்கல. வேலைக்கும் வரலன்னு சொன்னாங்க.”

“ஒறவுக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கு. உங்ககிட்டச் சொல்லலையா?”

அவர் முகம் வாடிப்போனது. தன்னை வேண்டாம் என்று அவள் முடிவெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். நல்ல மனிதர், கண்ணியமாகத் திரும்பினார். திரும்பியவர் நின்று நடைப்பக்கம் காதைக் கொடுத்தார்.

“தம்பி, அதுக்குள்ள என்னமோ அடிக்குது. பேரிங் போயிருக்கும். பாக்கட்டுமா?”

“நான் பாத்துக்குறேன்” என்றேன்.

அன்று சாயங்காலம் தட்டை நீட்டியபோது அவள் வாங்கவில்லை. தரையில் கதவோரமாக உட்கார்ந்திருந்தாள். முடியெல்லாம் நனைந்து கழுத்தில் ஒட்டியிருந்தது. குனிந்து காதை வைத்தால்தான் கேட்டது.

“காத்தே இல்லடா சின்னு. அந்த மெஷினக் கொஞ்ச நேரம் நிறுத்துடா. நான் தட்டமாட்டேன்.”

எனக்கு அவளை நம்ப ஆசைதான். ஆனால் அன்று காலையில்தான் அவர் வந்து போயிருந்தார். அவர் குரல் அவளுக்குக் கேட்டிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். நாளைக்கு நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு, தட்டை வைத்துத் தாழ்ப்பாளைப் போட்டேன்.

சனிக்கிழமை நண்பகலில் மின்சாரம் போனது. விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுழன்று அடங்கின. நான்கு நாளுக்குப் பிறகு வீட்டில் சத்தமில்லை. தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது கேட்டது. கீழே கால்மிதித் தையல் எந்திரம் ஓடுவது கேட்டது. நான் கதவருகே போய் நின்றேன். உள்ளங்கையைக் கதவில் வைத்தேன், சூடாக இருந்தது. “அக்கா” என்றேன். பிறகு நானே மூன்று தட்டு தட்டினேன்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து மின்சாரம் வந்தது. நான் சர்வரை மறுபடி இயக்கினேன். விசிறியை முழு வேகத்தில் வைத்தேன்.

ஏன் என்றுதானே கேட்கிறீர்கள். சத்தமே வராத அறைக்கு இரைச்சல் எதற்கு என்று. உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். இரைச்சல் இருக்கும்வரை உள்ளே ஒருத்தி தட்டிக்கொண்டிருக்கிறாள், எனக்குத்தான் கேட்கவில்லை. நிறுத்தினால் அவள் தட்டவில்லை என்று ஆகிவிடும். அன்று சாயங்காலமும் சாப்பாடு வரவழைத்தேன். அவள் கதவைத் திறக்காமல் அறை வாசற்படியிலேயே வைத்தேன். மாத்திரையும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் உங்களை அழைத்துக்கொண்டு வந்தார். எங்கேயோ ஒரு லிஃப்டில் பேரிங் மாற்றிக்கொண்டிருந்தபோது, பேரிங் போனால் நிறுத்தாமல் அடிக்கும், மூன்று மூன்றாகத் தட்டி நிற்காது என்பது அவருக்கு உறைத்ததாம். நீங்கள் சங்கிலியை வெட்டும்போது அவர் நடையிலேயே உட்கார்ந்துவிட்டார். சர்வரை நிறுத்தச் சொல்லி என்னிடம் சொன்னீர்கள். எனக்குக் கை வரவில்லை. நீங்கள்தான் வயரைப் பிடுங்கினீர்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கதவைப் பூட்டியது நான். அவள் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாதது நான். சனிக்கிழமை நண்பகலிலேயே எனக்குத் தெரியும், தெரிந்துதான் மறுபடி ஓடவிட்டேன். கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். ‘அக்கா இவரை விட்டுப் போக முடிவெடுத்திருந்தார்’ என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. போகிறவளாக இருந்திருந்தால் போயிருப்பாள்.