ஐந்நூற்று இருபதுக்கு நூற்றுப் பத்து

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். போலீஸ் ஸ்டேஷனில் இவ்வளவு மரியாதையாக உட்காரவைத்துப் பேசுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. அதனால் நானும் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். காருக்கு நம்பர் பிளேட் அடிக்கிற கடை. முன்னால் கடை, பின்னால் முற்றம், மாடியில் வீடு. பிளேட் என்றால் ஏதோ ஒரு தகரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது ஐந்நூற்று இருபது மில்லிமீட்டர் நீளம், நூற்றுப் பத்து மில்லிமீட்டர் உயரம். சில வண்டிகளுக்குப் பின்னால் அவ்வளவு நீளத்துக்கு இடம் இருக்காது. அதற்கு இரண்டு வரிப் பிளேட் தனியாக உண்டு. எழுத்தின் உயரம், தடிமன், எழுத்துக்கு நடுவில் விட வேண்டிய இடம், எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. ஓடுகிற வண்டியின் நம்பரைத் தெருமுனையில் நிற்பவர் ஒரே பார்வையில் படிக்க வேண்டும். ஒருவனை இடித்துப் போட்டுவிட்டு ஓடுகிறவனைப் பிடிக்க வேறு என்ன வழி இருக்கிறது?

அளவு தப்பிய பிளேட்டைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். சாப்பாட்டில் தலைமுடி கிடந்தால் உங்களுக்கு எப்படியோ, எனக்கு அப்படி. என் மனைவி இருந்தவரை இதைச் சொல்லிச் சிரிப்பாள். உங்கப்பா மனுஷன் மூஞ்சியைப் பார்க்க மாட்டார், வண்டி மூஞ்சியைத்தான் பார்ப்பார் என்று மகளிடம் சொல்வாள். அவள் போன பிறகு மகளும் நானும்தான். கடையைப் பார்த்துக்கொண்டது, சமைத்தது, வேளாவேளைக்கு எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது, எல்லாம் மகள்தான். குறை சொல்ல ஒன்றுமில்லாமல் நாள் போய்க்கொண்டிருந்தது.

பிறகு மாப்பிள்ளை வந்தார். மகளே தேடிக்கொண்ட மாப்பிள்ளை. நான் குறுக்கே நிற்கவில்லை. அவருடைய புதுக் காருக்கு முன்னும் பின்னும் பிளேட்டை என் கையாலேயே அடித்துக் கொடுத்தேன். கல்யாணப் பரிசு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை அவர் வந்தபோது முன் பிளேட் பாதியாக இருந்தது. முழு நீளம் பம்பரின் அழகைக் கெடுக்கிறதாம். தகரம் வெட்டுகிற கத்தரியால் இரண்டு பக்கமும் நறுக்கியிருந்தார். விளிம்பு எலி கடித்தது போல் பல் பல்லாக இருந்தது. திருகு போடுகிற துளைகளும் வெட்டில் போய்விட்டதால் டேப்பால் ஒட்டியிருந்தார். மேலே கறுப்பு ஃபிலிம். மூலையில் சிவப்பாக ஒரு உதட்டு ஸ்டிக்கர்.

"உங்க பொண்ணு உதடுதான் மாமா," என்றார். "லிப்ஸ்டிக் போட்டுப் பேப்பர்ல பதிச்சு, அதே அளவுல அடிச்சு வாங்கினோம்."

பக்கத்தில் என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு எத்தனையோ முறை நல்லவிதமாகச் சொன்னேன். சரி மாமா, சரி மாமா என்பார். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவார். அப்புறம் வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அந்தக் காரில், அந்தப் பிளேட்டோடு. நெடுஞ்சாலையில் ஏதாவது ஆனால் நம்பரை யார் படிப்பார்கள்? மகள் போவதில் எனக்கு வருத்தமே இல்லை. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

கிளம்புகிற அன்றைக்கு அவளுடைய சாமான்களை எடுத்துப்போக இரண்டு பேரும் மத்தியானம் வந்தார்கள். அவள் மாடியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். தகடு இறக்குவதற்காக முற்றத்தில் சுவரை நோக்கிச் சரிவாகச் சிமெண்ட் போட்டிருக்கிறேன். கார் அந்தச் சரிவில் சுவரைப் பார்த்து நின்றது. புதுப் பிளேட்டும் திருகும் என் கையில் தயாராக இருந்தன. மாற்றிவிடலாம் என்றேன்.

அவர் சிரித்தார். "கிளம்புற நேரத்துல இது எதுக்கு மாமா?" என்று சொல்லிக்கொண்டே பம்பருக்கு முன்னால் குந்தினார். உதட்டு ஸ்டிக்கரில் தூசி படிந்திருந்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு அதைத் தேய்த்தார். மறுபடி நக்கினார், மறுபடி தேய்த்தார். எச்சில் அந்த உதட்டில் பளபளத்தது. அருவருப்பு என்று சொன்னால் அது கொஞ்சம், ஐயா.

வண்டி தானாக நழுவி அவரைச் சுவரோடு நசுக்கிவிட்டது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. கதவு திறந்திருந்தது. கையை உள்ளே விட்டு ஹேண்ட்பிரேக்கை இறக்கியது நான்தான். பிறகு ஏறி உட்கார்ந்து வண்டியைப் பின்னுக்கு எடுத்ததும் நான்தான். காப்பாற்றுவதற்காக எடுத்தேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதையும் அடித்துவிடுங்கள். பிளேட் மாற்ற எனக்கு இடம் வேண்டியிருந்தது.

பம்பரெல்லாம் ரத்தமாக இருக்க, பிளேட்டில் மட்டும் ஒரு பொட்டு இல்லையே என்று நீங்கள் கேட்டபோது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. பழையதை அப்படியே விட்டிருந்தால் விபத்து என்று போயிருக்கும். ஆனால் உங்கள் ஆட்கள் வந்து படம் எடுப்பார்கள். எல்லாப் படத்திலும் அந்த எச்சில் உதடு இருக்கும். அதை எப்படி விடுவது?

இன்று காலை மகள் என்னைப் பார்க்க வந்தாள். டாக்டர் ஏதோ சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது, உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று. அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவரு கூப்பிட்டாராப்பா?"

மகளிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை. "கூப்பிட்டாரும்மா. மாமா, மாமான்னு. கடை கம்ப்ரெஸர் சத்தமா ஓடிட்டு இருந்துச்சு, அதான் உனக்குக் கேக்கல. எனக்கு ஒரு ஸ்க்ரூ பாக்கி இருந்துச்சு."

அவள் என் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பாவம், களைத்துப் போயிருக்கிறாள். கோபம் ஆற நாளாகும். மாடிச் சாவி அவளிடம்தான் இருக்கிறது, அவள் அறையை நான் இன்னும் மாற்றவில்லை. வந்துவிடுவாள், ஐயா. இனி அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?