உடும்பின் பெயர் வைத்த பூ

நேற்று நீ வந்தபோது உன்னை உட்காரச் சொல்லவில்லை. அறையில் இருந்த ஒரே நாற்காலியில் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருந்தேன். எடுத்து வைக்கலாம், எடுத்து வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் நீ கிளம்பிவிட்டாய். முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நாளைக் காலை ஆறு மணி பஸ்ஸில் நீ அந்தச் சுண்ணாம்புக்கல் மலைக்குப் போகிறாய். உன் அண்ணனின் பெயர் சூட்டப்பட்ட செடி உச்சித் திட்டில் இருக்கிறது என்று நம்பிப் போகிறாய். வழி கேட்டாய். படம் வரைந்து கொடுத்தேன். அந்தப் படத்தைப் பற்றிச் சில விஷயங்கள் உனக்குத் தெரிய வேண்டும். வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

எங்கள் தாவரக் காப்பகத்தில் என் வேலை எளிது. மலையிலிருந்து வரும் செடிகளைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி உலர்த்துவோம். உலர்ந்ததை ஓர் அட்டையில் ஒட்டி, எந்த இடம், எந்த நாள் என்று மூலையில் எழுதுவேன். இரும்பு அலமாரிகளில் எண்பதாயிரம் அட்டைகள் இருக்கின்றன. அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை. பட்டம் வாங்கியதும் இந்த வேலையைத் தேடிப் பிடித்ததே அதற்காகத்தான்.

உன் அண்ணன் எப்போதாவது கதவருகே நின்று, "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடும்னு பூட்டி வெச்சிருக்கியாம்மா?" என்பார். நான் சிரிப்பேன். அவரை எல்லோரும் உடும்பு என்றுதான் கூப்பிட்டோம். செங்குத்துப் பாறையில் அப்படி ஒட்டிக்கொண்டு ஏறுவார். அவர் மேலிருந்து பையில் போட்டு இறக்கும் செடிகளை நான் கீழே வாங்கி எண் போடுவேன்.

போன வருடம் ஒரு மதியம் என் மேசையில் இரண்டு செடிகள் இருந்தன. இரண்டையும் மலையடிவாரத்தில், ஓடைக்கரையில் நானே பறித்திருந்தேன். ஒன்றின் இலை தடிப்பானது, வெள்ளை மயிர் அடர்ந்தது. பூக்கும் காலம் முடிந்திருந்தது. மற்றதன் இலை மெல்லியது. ஒரே ஓர் ஊதாப் பூ. உலர்ந்த செடியில் பூ கழன்று விழுவது வழக்கம். விழுந்தால் அதே இடத்தில் திரும்ப ஒட்டுவோம். அன்று ஒட்டிக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். தவறான செடியில் ஒட்டிவிட்டேன் என்பதை மறுநாள் காலையில்தான் உணர்ந்தேன்.

பிரித்து எடுக்கலாம் என்று போனால், எங்கள் காப்பகத்தை நடத்தும் பேராசிரியர் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் நான்கு பேர். "முப்பத்திரண்டு வருஷமா இந்த மலைக்குப் போறேன். இந்த இலைக்கு இப்படி ஒரு பூவா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த செடிகள். சேர்த்துப் பார்த்தால் உலகத்தில் இல்லாத ஒன்று. "இந்தப் பொண்ணு கொண்டுவந்தது" என்று அவர் என்னைக் காட்டினார். நான்கு பேரும் கைதட்டினார்கள்.

அப்போது சொல்லியிருக்கலாம். மேசையில் இருந்த பசைப் புட்டியை மூடி வைத்தேன். அன்றிலிருந்துதான் பயம். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் அடிகளை எண்ணுவேன். சத்தம் என் கதவைத் தாண்டிப் போன பிறகுதான் மூச்சு விடுவேன். யாராவது அந்த அட்டையைக் கேட்டால் விரல் நுனிகள் மரத்துப்போகும். வீட்டில் அம்மா கூப்பிட்டால்கூட, எல்லாம் தெரிந்துதான் கூப்பிடுகிறாள் என்று தோன்றும். ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்தேன். ஒரே வேலை, அதுவும் போய்விட்டால் எந்த அறையில் போய் உட்காருவேன் என்பதுதான் எப்போதும் யோசனை.

புதிய செடியின் விவரிப்பை எழுதும் வேலையையும் எனக்கே கொடுத்தார்கள். இலை மூன்று முதல் நான்கரை சென்டிமீட்டர், இருபுறமும் வெண்மயிர். பூ தனித்தது. இதழ் ஐந்து, ஊதா நிறம், உட்கழுத்தில் மஞ்சள் வரி. ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்து மூன்று முறை அளந்தேன். அந்த விவரிப்பில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை. வேண்டுமானால் சரிபார்த்துக்கொள்.

இடம் எது என்று கேட்டார்கள். ஓடைக்கரை என்று சொன்னால், போகிறவர்கள் இரண்டு செடிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்ப்பார்கள். அதனால் உச்சித் திட்டு என்றேன். அங்கிருந்து சரிந்த மண்ணோடு கீழே விழுந்து கிடந்தது என்றேன். யாராலும் ஏற முடியாத இடமாகப் பார்த்துத்தான் சொன்னேன். யாருக்கும் எந்தச் சிரமமும் வரக் கூடாது என்று யோசித்துச் செய்தது அது.

ஆனால் கட்டுரையை அனுப்பிய ஆய்வுப் பத்திரிகை, ஒரே அட்டை போதாது, காயோடு இன்னொரு செடி வேண்டும் என்று எழுதிவிட்டது. உன் அண்ணன், "ஏற முடியாத பாறைன்னு யாரு சொன்னது?" என்று கயிற்றை எடுத்துக்கொண்டார்.

மூவர் போனோம். பேராசிரியருக்கு முழங்கால் வலி. ஒரு மைல் தள்ளி ஜீப்பிலேயே இருந்தார். நாங்கள் இருவரும் ஓடைக்கரையில் சற்று உட்கார்ந்தோம். பிளாஸ்கில் தேநீர் இருந்தது. உன் அண்ணன் பக்கத்தில் இருந்த செடிகளைக் கிள்ளிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று உள்ளங்கையை என் முன்னால் நீட்டினார். தடித்த இலை ஒன்று. அதன் மேல் ஊதாப் பூ ஒன்று.

"இங்க பாரும்மா. இதுமேல இதை வெச்சா நம்ம புதுச் செடி. இதுக்குப் போயா நான் உச்சிக்கு ஏறணும்?"

போனை எடுத்துப் படம் பிடித்தார். சிரித்துக்கொண்டேதான் என்னைப் பார்த்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, நெஜமாவேவா?"

நான் தலையை அசைத்தேன். அவர் திட்டவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அவர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

"சரி விடு. சாயங்காலம் சார்கிட்ட சொல்லிடலாம். கத்துவாரு, அவ்வளவுதானே. தலையையா வாங்கிடுவாரு? நான் பக்கத்துல நிக்கிறேன்."

சாயங்காலத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. "ஒரே ஒரு தடவை மேலே பார்த்துடுங்க. ஒருவேளை இருந்தாலும் இருக்கும். இல்லைன்னா நானே சொல்லிடறேன்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். "உனக்காக" என்று சொல்லி எழுந்தார்.

பாறையோடு ஒட்டி ஏறுகிறவருக்கு மேலே ஒன்றும் தெரியாது. கீழே நிற்பவர் தொலைநோக்கியில் பார்த்து வழி சொல்ல வேண்டும். அது என் வேலை. வலப்பக்கம் பாறை காய்ந்து வெளுத்திருந்தது. இடப்பக்கம் விரிசலிலிருந்து தண்ணீர் கசிந்து கறுத்திருந்தது. அந்த மாதிரிக் கல் தொட்டால் மாவாக உதிரும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே உன் அண்ணன்தான்.

முக்கால் பங்கு ஏறிவிட்டார். "எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார்.

"இடப்பக்கம்" என்றேன். மெதுவாகச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டார். அப்போது வாயருகே இரண்டு கையையும் குவித்துச் சத்தமாகச் சொன்னேன். எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது.

"அட, உனக்குக் குரல்கூட இருக்கா?" என்றார். பிறகு கையை இடப்பக்கம் நீட்டினார்.

நான் அவரைத் தொடவில்லை. நான் நின்ற இடத்துக்கும் அவருக்கும் நடுவில் எண்பது அடி இருந்தது.

பத்திரிகைக்காரர்கள் பெரிய மனது பண்ணி ஒரே அட்டையோடு கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு மனிதர் உயிரைக் கொடுத்துத் தேடிய செடி இல்லாமலா இருக்கும்? அவர் பெயரை வைக்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதன் பிறகு பயம் குறைந்தது. சாப்பிட முடிந்தது.

நேற்று வரை அப்படித்தான் இருந்தது. நீ வந்து அந்த அட்டையைப் பார்த்தாய். கண்ணாடித் தாளின் மேல் விரலை வைத்து, "எங்கண்ணன் பூ" என்றாய். மேலே ஏறி விதை கொண்டுவந்து வாசலில் வைக்கப்போகிறேன் என்றாய். அது வரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் போனை எடுத்துக் காட்டினாய்.

"அன்னிக்கு அனுப்பின கடைசிப் படம் இது அக்கா. கையில ஏதோ எலையும் பூவும். 'வீட்டுக்கு வந்து சொல்றேன், ஒரு கூத்து'ன்னு எழுதியிருக்கு. என்ன கூத்துன்னு தெரியாமலே தூக்கம் வரமாட்டேங்குது. சார்கிட்ட காட்டினா சொல்வாரா?"

"காட்டலாம். மலைக்குப் போயிட்டு வந்து காட்டலாம்" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று போனைப் பைக்குள் வைத்தாய். பிறகுதான் வழி கேட்டாய். நான் அளவுகோல் வைத்து, கோடு பிசகாமல் படம் போட்டேன். அம்புக்குறி கறுத்த விரிசல் வழியாகப் போகிறது.

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. உண்மையை உன்னிடம் மறைக்கக் கூடாது என்று காலையில் முடிவெடுத்தேன். அதனால்தான் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன். உச்சித் திட்டில் எந்தச் செடியும் இல்லை. நீ அங்கே ஏற வேண்டாம்.

உன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நேரில் வந்து கொடுத்தால் நீ என் முகத்தைப் பார்ப்பாய். அது என்னால் ஆகாது. இன்று சாயங்காலம் தபாலில் சேர்த்துவிடுகிறேன். நடுவில் ஞாயிறு வருகிறது. திங்கட்கிழமை உனக்குக் கிடைத்துவிடும்.