தொட்டிச் சாவி

"...சர்வாதிகாரியாம்! யாரு? நானு! மாடிப்படிச் சுவத்துல யாரோ கரியால எழுதி வச்சிருக்கான், மதாம். கன்னியாஸ்திரீங்ககிட்ட அடி வாங்கி ஒழுங்காப் படிச்சவ நான், என்னப் போயி! என் கண்ணுல படணும்னே எழுதியிருக்கான். உக்காருங்க, உக்காருங்க. நிக்காதீங்க!"

தோன்யா எர்சிலியா கையைப் பிடித்து இழுத்த இழுப்பில், கதவைத் தட்டிய மதாம் கிஸ்லேன் தலையில் சுற்றிய துண்டோடு நாற்காலியில் விழுந்தாள். ஹைட்டியிலிருந்து சாண்டோ டொமிங்கோவுக்கு வந்து, இந்த எட்டு வீட்டுக் கட்டடத்தில் குடியேறி ஒன்பது நாள்தான் ஆகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடியிருப்போர் சங்கத் தேர்தல். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக எர்சிலியாவை எதிர்த்து ஒருத்தி நிற்கிறாள், மூன்றாம் வீட்டு நூரிஸ். எண்ணிப் பார்த்ததில் இந்த ஒரு ஓட்டில் தொங்கிக்கொண்டிருந்தது தலைவி பதவி.

"சர்வாதிகாரின்னா என்னன்னு உங்களுக்கும் எனக்கும் தெரியாதா? எங்க நாட்டுல எங்காளு முப்பத்தோரு வருஷம் ஆண்டான். இந்த ஊருக்கே தன் பேர வச்சான், மலைக்கும் வச்சான். ஹைட்டில உங்காளு, டாக்டரு... கறுப்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி அடியாளுங்க... ஆயுசுக்கும் நானேன்னான். சாகுறப்போ தன் பத்தொம்பது வயசுப் பையனக் குந்தவச்சிட்டுப் போனான். ஒரே தீவு, நடுவுல ஒரு கோடு, ரெண்டு பக்கமும் ஒரே தலையெழுத்து! எங்காளு உங்க ஜனங்கள எல்லைல வெட்டிப் போட்டது..."

எர்சிலியா ஒரு கணம் நிறுத்தினாள். அவளுக்கே அது புதுசு.

கிஸ்லேன் வாயைத் திறந்தாள்.

"இருங்க, காப்பி இருக்கா பாக்குறேன். அட, பாத்திரம் கழுவல. தண்ணி நேரம் முடிஞ்சுபோச்சில்ல! எனக்கும் அதே சட்டந்தான் மதாம். காலைல ஆறுலேருந்து ஆறரை, அப்புறம் மாடித் தொட்டியப் பூட்டிடுவேன். என் வீட்டுக்காரர் இங்க குளிச்சு மூணு நாளாச்சு. ஆறு முப்பத்தொண்ணுக்கு எந்திரிச்சா நான் என்ன பண்ண? மனுஷர் தங்கச்சி வீட்ல போய்க் குளிக்கிறார்! எந்த சர்வாதிகாரி தன் புருஷன நாற விடுவான், சொல்லுங்க?"

கிஸ்லேன் சொல்ல வந்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தேர்தல்னுதான் விதி. மாத்தினேன். ஏன்? வேற யாரும் நிக்கல. ஏன் நிக்கல? கையத் தூக்கித்தான் ஓட்டு. யார் தூக்கலன்னு நோட்டுல குறிச்சுக்குவேன். சும்மா, ஞாபகத்துக்கு! இப்ப நூரிஸ் என்னடான்னா சீட்டுல எழுதிப் போடணுங்கிறா. ரகசியமாம். என்ன ரகசியம் வேண்டிக் கெடக்கு, குடும்பம் மாதிரி இருக்கிற எடத்துல..."

சொல்லச் சொல்ல அவள் காதுக்கே ஏதோ இடித்தது. பேச்சை மாற்றினாள்.

"அதோ தகடு பாருங்க, தொட்டிச் சாவி தொங்குற ஆணியில. அந்தத் தகடு எங்கப்பாவோடது. எங்காளு காலத்துல வீட்டுக்கு வீடு இப்பிடி மாட்டணும், இந்த வீட்டுல தலைவர் அவர்தான்னு. எங்க வீட்டுல தலைவர் எங்கம்மா. ஆனா தகடு சொல்றதுதான் சட்டம். அந்தாளச் சுட்டுப்போட்ட அன்னிக்கு ஊரே தகட்ட உடைச்சுது. எங்கப்பா கருமி, நல்ல உலோகம்னு எடுத்து வச்சார். நான் திருப்பி, பின்பக்கம் தண்ணி நேரம் எழுதினேன். புத்திசாலித்தனம்தானே? ஏன் இப்பிடி வேர்க்குது உங்களுக்கு? விசிறி போடவா?"

வேர்வை வெள்ளையாக இருந்தது. நுரைத்தது. கிஸ்லேனின் நெற்றியில் இறங்கி, இறுக மூடிய இடது கண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ, சோப்பா! தலைக்குக் குளிச்சிட்டிருந்தீங்களா? பாதியில நின்னுபோச்சா? சொல்லக்கூடாது?"

கிஸ்லேன் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஆணியிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் மொட்டைமாடிக்குப் படியேறினாள்.

சாவி இழுத்த இழுப்பில் தகடு ஒரு சுற்றுச் சுற்றி, பழைய முகத்தைக் காட்டி நின்றது. 'இந்த வீட்டில் தலைவர் அவரே.'

எர்சிலியா அதை வாசித்தாள். யார் அந்த 'அவர்' என்று கேட்க அறையில் அவளைத் தவிர யாருமில்லை.

மேலே பூட்டு திறந்தது. குழாய்கள் இருமி, உறுமி, எட்டு வீட்டிலும் ஒன்றாகக் கொட்டின. யாரோ கைதட்டினார்கள். நூரிஸ் வீட்டில் பாட்டே கிளம்பிவிட்டது. ஐந்து மணிக் கூட்டத்துக்கு இனி நோட்டு எடுத்துப்போய்ப் பிரயோஜனமில்லை.

"பதினோரு வருஷ ஆட்சி!" என்றாள் தகட்டிடம். "ஒரு தலைக்குளியல்ல போச்சு."

பிறகு, கவிழ்ந்த ஆட்சி வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடியது. மறுபடி யாராவது பூட்டுவதற்குள் நிரப்பிவிட வேண்டும்.