கரையில் இல்லாத விளக்கு

புத்தருக்கான வெசாக் பண்டிகை இரவில் கண்டி வாவியைச் சுற்றிக் காட்டும் சின்னத் துடுப்புப் படகு அது. எனக்கு முன்னால் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துக் கணவனும் மனைவியும் இருந்தார்கள். துடுப்புப் போட்டவர் திகனவிலிருந்து வந்த முஸ்லிம் பெரியவர். கரை முழுக்கக் காகித வெளிச்சக் கூடுகள் எரிந்தன. ஒரு மரத்தடி மட்டும் இருட்டாகக் கிடந்தது.

"அந்த மரத்துல வெளக்கு இல்ல. ஆனா அதுக்குக் கீழ தண்ணியில ஒன்னு எரியுதுங்க" என்றாள் மனைவி.

கணவன் எட்டிப் பார்த்தான்.

"போன வெசாக்குக்குக் கூடு கட்ட வந்த ஒருத்தர் அங்கதான் வழுக்கித் தண்ணியில விழுந்து மௌத்தானார்" என்றார் படகுக்காரர். "எந்த ஊரெண்டு தெரியாது. தேடி ஒருத்தரும் வரல்ல."

அவள் சிலுவை போட்டு ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன ஓதினீங்க?" என்று கேட்டார் அவர்.

"யாருமில்லாத ஆத்துமாவுக்காக வேண்டிக்கிட்டேன். நாங்க கோயில்ல எப்பவும் செய்றதுதான்."

படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். "இங்க செஞ்சிருக்கக் கூடாதும்மா. இப்ப அதுக்கு ஆள் கெடச்சிட்டு."

அவர் அவசரமாகத் துறைக்குத் திருப்பினார். மரம் பின்னால் போயிற்று. தண்ணீரில் எரிந்த விளக்கு அவள் பக்கமாகக் கூடவே வந்தது.