கயிற்றுக்கு அப்பால் ஏழாவது காசு

உங்கள் அருங்காட்சியகத்தில் தேநீர் நன்றாக இருந்தது. கேக்தான் கொஞ்சம் வறண்டிருந்தது. ஆனால் நான் எழுதுவது, என் கணவர் மெர்வின் கண்டெடுத்த ஏழு வெள்ளிக் காசுகளுக்குப் பக்கத்தில் நீங்கள் வைத்திருக்கும் அட்டையைப் பற்றி. அதில் ஒரு தவறு இருக்கிறது.

ஓய்வு பெற்றபின் பதினொரு வருடம் மெர்வின் மெட்டல் டிடெக்டரும் கையுமாக சஃபோக் கடலோர வயல்களில் அலைந்தார். பெரும்பாலும் பொத்தான்கள்தான் கிடைத்தன. அபூர்வமாகக் காசு கிடைத்தால், அதில் அரசர் தலையில் இருக்கும் சுருள்முடிகளை எண்ணி எந்தக் காலத்துக் காசு என்று கண்டுபிடிப்பவள் நான். டிடெக்டர்காரர்கள் சங்கத்தில் போய்ச் சொல்பவர் அவர்.

"ஏவிஸா? அவளுக்கு ராஜாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் வித்தியாசம் தெரியாதுப்பா," என்றார் ஒருநாள், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரமே ஏலத்தில் ஏழு காசு வாங்கினேன். ஜான் அரசர் காலத்துப் பென்னிகள். தேய்ந்தவை, ஒன்று முப்பது பவுண்டுக்கு மேல் போகாது. ஜான் காலத்திலும் காசில் அவர் அப்பா ஹென்றியின் பெயரைத்தான் பொறித்தார்கள். முதல் காசை அவர் அடுத்துத் தேடவிருந்த வயலின் வேலியோரம் புதைத்தேன். வெறும் குறும்புதான்.

"ஹென்றி, கிழவி. எழுதியே இருக்கு பாரு. ஐந்நூறு பவுண்டு தேறும்," என்றார் அதைத் தோண்டியெடுத்த மெர்வின்.

"நீங்க சொன்னா சரிதான்."

அந்த மாதச் சங்கக் கோப்பை அவருக்குக் கிடைத்தது. தினமும் அதைத் துடைக்கும் வேலை எனக்கு.

கலப்பை இழுத்துச் சிதறடித்த புதையல் ஒரே கோட்டில் கிடக்கும் என்பது சங்கத்துக்காரர்கள் நம்பிக்கை. ஆகவே மற்றவற்றை இருபது அடிக்கு ஒன்றாக, கடலைப் பார்த்து வைத்தேன். ஆறாவதற்கு அப்பால் விவசாயி கயிறு கட்டியிருந்தார். அதைத் தாண்டினால் கடலுக்கு மேலே செங்குத்தான மண்கரை; ஒவ்வொரு மழைக்கும் சரிந்துகொண்டிருந்தது. என்னை அது தாங்கியது. மெர்வின் நூற்றுப்பத்து கிலோ.

அவர் கயிற்றைத் தாண்டும்போது "கவனம்" என்றேன். அவர் காதில் ஹெட்போன் இருந்தது. ஏழாவதைத் தோண்டி என் பக்கம் தூக்கிக் காட்டினார். அப்படி ஒரு சிரிப்பை முப்பத்திரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை. பிறகு அங்கே யாரும் இல்லை. பிளாஸ்க்கில் இருந்த தேநீரை ஆறுவதற்குள் குடித்துவிட்டு உதவி தேடிப் போனேன்.

எங்கள் ஊரில் அகால மரணத்தையும் புதையலையும் விசாரிப்பவர் ஒரே அதிகாரி. புதையலைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டார். மெர்வினைப் பற்றிப் பத்து நிமிடம். "சந்தோஷமாத்தான்மா போயிருக்கார்," என்றார். நான் மறுக்கவில்லை.

இப்போது அட்டை. போருக்குப் பயந்த யாரோ, திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று புதைத்தது என எழுதியிருக்கிறீர்கள். புதைத்தவளுக்குப் பயம் இல்லை. திரும்ப எடுக்கும் எண்ணமும் இல்லை. தயவுசெய்து திருத்திவிடுங்கள். நாலு பிள்ளைகள் வந்து படிக்கிற இடத்தில் பொய் இருக்கக் கூடாது.